சத்தம் போடாமல் திருப்பாதிரிப்புலியூர் வரை

எனக்குக் கோபம் வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் யாராவது வந்து சொல்லிவிடுவார்கள். சிதம்பரத்துப் பள்ளி ஒன்றில் பதினெட்டு வருஷமாகக் கணக்கு நடத்துகிறேன். அந்தப் பதினெட்டு வருஷமும் பக்கத்து வகுப்பில் யார் எந்தப் பாடம் நடத்தினாலும் கூடவே என் கணக்கும் நடந்துகொண்டிருந்தது. இப்போது அடுத்த அறையில் இருக்கும் சயின்ஸ் சார் ஒரு நாள், "உங்க புண்ணியத்துல என் பசங்களுக்கும் வாய்ப்பாடு வந்துடுச்சு டீச்சர்" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்துச் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து காபி போடும்போதுதான் உறைத்தது.

வீடு கடலூரில், செம்மண்டலத்தில். காலையில் திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பாசஞ்சர் ரயில் ஏறினால், கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒன்று விடாமல் நின்று, ஒற்றைத் தண்டவாளம் என்பதால் எதிர் ரயிலுக்கும் வழிவிட்டு, சிதம்பரத்தில் கொண்டுபோய் விடும். அந்த ஸ்டேஷன் பெயர்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஆசிரியர்களுக்கான பயிற்சி ஒன்றுக்கு எங்களை அனுப்பினார்கள். காலையில் டீ, பத்தரைக்கு சமோசா, நடுவில் கருத்து. பயிற்சி கொடுத்த அம்மா, "பிள்ளைங்களுக்கு ஒரு இலக்கு இருக்கணும். எவ்ளோ தூரம் வந்திருக்கோம்னு அவுங்க கண்ணால பாக்கணும். செவுத்துல போடுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாதி நேரம் நான் சமோசாவில் கவனமாக இருந்தேன் என்றாலும் சுவர் விஷயம் மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. எட்டாம் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். எத்தனை திட்டினாலும் நகராத இருபத்தெட்டுப் பேர். ஒருவேளை படம் போட்டால் நகர்வார்களோ என்னவோ.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, நாலு சார்ட் அட்டைகளை ஒட்டி, திருப்பாதிரிப்புலியூரில் ஆரம்பித்துச் சிதம்பரத்தில் முடிகிற ரயில் பாதை வரைந்தேன். பரங்கிப்பேட்டைக்கும் கிள்ளைக்கும் நடுவில் ஆற்றுப் பாலம்கூடப் போட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ரயில் பெட்டி போல ஒரு சின்ன அட்டை. ஒரு பாடத்தை ஒழுங்காக முடித்தால் அட்டை ஒரு ஸ்டேஷன் நகரும். அரையாண்டுப் பரீட்சைக்குள் எல்லோரும் சிதம்பரம் வந்து சேர வேண்டும். லீவில் வெள்ளையடிக்கப் போகிறார்கள், அதற்கு முன்னால் சார்ட்டைக் கழற்றிவிட வேண்டும் என்று தலைமையாசிரியர் நிபந்தனையோடுதான் அனுமதி கொடுத்திருந்தார்.

இரண்டு வாரம் ஆயிற்று. ஒருத்தரும் ஆலப்பாக்கத்தைத் தாண்டவில்லை. வரைந்ததெல்லாம் வீணா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சிதம்பரம் வந்து சேரணும்னு ஒருத்தருக்காவது ஆசை இருக்கா?" என்று கத்தினேன். முதல் பெஞ்சில் ஒருத்தி எழுந்தாள். எங்கள் கிளாஸ் லீடர். ரெட்டைப் பின்னல், முதல் ரேங்க், நாட்டாமைத்தனத்திலும் அவளே முதல் ரேங்க்.

"சிதம்பரத்துலதான மிஸ் நம்ம ஸ்கூலு இருக்கு?"

"ஆமா, அதுக்கென்ன?"

"ஸ்கூலுக்கு வந்து சேர்றது ஒரு பரிசா மிஸ்? அதான் தெனமும் வர்றோமே. சாயங்காலம் வூட்டுக்குப் போற வண்டின்னாதான மிஸ் நாங்க ஓடுவோம்?"

வகுப்பே கைதட்டியது. நான் தினமும் வரும் வழியை வரைந்துவிட்டு, அதையே பிள்ளைகளின் ஆசை என்று சுவரில் ஒட்டியிருந்தேன். கத்துவதற்கு வாயைத் திறந்தவள், நியாயம் அவள் பக்கம் இருந்ததால் மூடிக்கொண்டேன்.

மறுநாள் ரயில் திரும்பியது. சிதம்பரத்தில் புறப்படும், அவரவர் வீடு இருக்கிற ஸ்டேஷனில் இறங்கலாம். இலக்கையும் அவரவரே எழுதிக்கொள்ளலாம். எத்தனை ஸ்டேஷனோ அத்தனை படி. உள்ளூர்ப் பிள்ளைகள் ஐந்து பேர், "நாங்க ஏற்கெனவே வூட்லதான் மிஸ் இருக்கோம், எங்களுக்கு லீவு வுட்டுடுங்க" என்று ஆரம்பித்தார்கள். அவர்களுக்குப் புவனகிரி, சேத்தியாத்தோப்பு வழியாக வடலூருக்கு ஒரு பஸ் ரூட் வரைந்தேன். தைப்பூசத்துக்குப் போகிற மாதிரி. அவர்களில் ஒருவன் மட்டும் பஸ் என்றால் வாந்தி வரும் என்றான். ஜன்னல் ஓர சீட் கொடுத்து வழிக்குக் கொண்டுவந்தோம்.

எழுதியிருந்த இலக்குகளில் கண்ணில் பட்டவற்றைப் படித்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எட்டாம் வாய்ப்பாட்டைத் தடுமாறாமல் சொல்ல வேண்டும் என்று நாலு பேர். கணக்கு நோட்டை அண்ணன் எழுதித் தராமல் தானே எழுத வேண்டும் என்று ஒருத்தி. பரங்கிப்பேட்டைப் பையன் ஒருவனின் வாப்பா சவுதியில் வேலை பார்க்கிறார். "வாப்பா வீடியோ கால்ல மார்க் கேக்கும்போது டவர் இல்லன்னு பொய் சொல்லக் கூடாது" என்று எழுதியிருந்தான். அதையும் பிரித்து இரண்டு படி: முதல் படி, கேமராவை அணைக்காமல் இருப்பது.

எல்லாம் ஒட்டி முடித்ததும் லீடர் மறுபடி எழுந்தாள். "நீங்க மட்டும் ஏன் மிஸ் சும்மா ஒக்காந்திருக்கீங்க? ஒங்க வூடுதான ரொம்ப தூரம்? ஒங்களுக்கு ஒரு பொட்டி வேணாம்?"

"எனக்கு என்ன இலக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். கடைசியில் அவளே, "கத்தக் கூடாது மிஸ்" என்றாள். ஒரு வாரம் கத்தாமல் இருந்தால் எனக்கு ஒரு ஸ்டேஷன். ஆறு வாரம் இருந்தால் திருப்பாதிரிப்புலியூர். நடுவில் கத்தினால் பெட்டி திரும்பச் சிதம்பரம். "அன்னைக்கு ஸ்கூல்லயே படுத்துக்க வேண்டியதுதான் மிஸ்."

பிள்ளைகளிடம் தோற்கக் கூடாது என்ற வீம்பில் ஒத்துக்கொண்டேன். முதல் நாள் இருபது நிமிஷம் தாக்குப்பிடித்தேன்.

எது கத்தல், எது சத்தமாகப் பேசுவது என்று அடுத்து ஒரு வழக்கு. முறைப்பது கணக்கில் வராது என்று தீர்ப்பாயிற்று, இல்லையென்றால் எனக்கு வாழ்க்கையே கிடையாது. கடைசியில் ஒரு அளவுகோல் கண்டுபிடித்தார்கள்: பக்கத்து வகுப்பு சயின்ஸ் சாருக்குக் கேட்டால் அது கத்தல். சந்தேகம் வந்தால் ஒருத்தி ஓடிப்போய், "சார், கேட்டுச்சா?" என்று கேட்டுவிட்டு வருவாள். அந்த மனிதருக்கு அதில் அப்படி ஒரு சந்தோஷம். நான் இருமினாலே, "கேட்டுது, கேட்டுது!" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

ஆவணி, புரட்டாசி முழுக்க நான் பெரும்பாலும் கிள்ளையைத் தாண்டவில்லை. ஒரு தடவை பரங்கிப்பேட்டை வரை போய், ஜாமெட்ரி பாக்ஸ் ஒன்று மூன்றாவது முறையாகக் கீழே விழுந்ததில் திரும்பி வந்தேன். பிள்ளைகளின் பெட்டிகள் என்னவோ நகர்ந்துகொண்டிருந்தன. தினமும் காலையில் வந்ததும் பையை வைக்கிறார்களோ இல்லையோ, சுவரைப் போய்ப் பார்த்தார்கள். எட்டாம் வாய்ப்பாட்டுக்காரர்களில் இருவர் வீடு போய்ச் சேர்ந்து, அடுத்து பன்னிரண்டாம் வாய்ப்பாட்டுக்கு டிக்கெட் எடுத்திருந்தார்கள். பரங்கிப்பேட்டைப் பையன் வாப்பாவிடம் முப்பத்தொரு மார்க் என்று முகத்தைக் காட்டிச் சொல்லிவிட்டு வந்து, "வாப்பா திட்டலை மிஸ், அழுதுட்டாரு" என்றான். எதற்கு அழுதார் என்று அவனுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

ஒரே ஒரு பெட்டி மட்டும் புறப்பட்ட இடத்திலேயே நின்றது. கிள்ளையிலிருந்து வரும் ஒரு பெண்ணுடையது. கடைசி பெஞ்சில், சுவரோரம். அடுத்த ஸ்டேஷனே அவள் வீடு. ஒரே ஒரு படி. இருபத்தெட்டுப் பேரிலும் சின்னப் பயணம் அவளுடையதுதான். 'ஒரு ஸ்டேஷன் போக இந்தப் பொண்ணுக்கு எத்தனை மாசம் வேணும்?' என்று எனக்கு எரிச்சல் வந்ததை மறைக்கவில்லை. ஒரு மாலை எல்லோரும் போன பிறகு, காற்றில் கோணலாகிக் கிடந்த அட்டைகளைச் சரிசெய்யும்போது அவளுடையதை முதல் தடவையாகப் படித்தேன். பென்சிலால், யாரும் படித்துவிடக் கூடாது என்பதுபோல எழுதியிருந்தாள்.

'கணக்கு மிஸ்கிட்ட ஒரு டவுட் கேக்கணும்.'

நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். ஜூன் மாதம் அவள் ஒரு தடவை பாதிக் கை தூக்கியது நினைவுக்கு வந்தது. அன்றைக்கு ரயில் லேட், எனக்குத் தலைவலி. "இதுகூடத் தெரியாமதான் எட்டாங்கிளாஸ் வந்தியா?" என்று கேட்டேன். அவள் என்ன கேட்க வந்தாள் என்பதைக்கூட நான் கேட்கவில்லை. கை இறங்கியது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கை எழும்பவே இல்லை என்பதும், அதை நான் கவனிக்கவே இல்லை என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. வெட்கமாக இருந்தது. அவள் ரயிலுக்கு முன்னால் தண்டவாளத்தை மறித்துக்கொண்டு நின்றது நான்தான்.

போய் அவளிடமே, "கேளும்மா" என்று சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அது அவள் எழுதிய இலக்கு. நான் கூப்பிட்டுக் கேட்கவைத்தால் அவள் கேட்டதாக ஆகாது. நான் செய்யக்கூடியது ஒன்றுதான்: வாயை அடக்குவது. சார்ட் அரையாண்டு வரைதான் இருக்கும். அதற்குள் அவள் கேட்க வேண்டும் என்றால், கேட்டால் கடித்துவிட மாட்டேன் என்று அவளுக்கு நம்பிக்கை வர வேண்டும்.

அதன் பிறகு நான் வீம்புக்காகக் கத்தாமல் இருக்கவில்லை, நிஜமாகவே அடங்கி இருந்தேன். கோபம் வந்தால் சாக்பீஸை உடைத்தேன். ஒரு வாரத்தில் ஒரு டப்பா சாக்பீஸ் காலி. கிள்ளை, பரங்கிப்பேட்டை தாண்டினேன். பாலத்தின் மேல் என் பெட்டி போனபோது பிள்ளைகள் நிஜ ரயில் மாதிரி தடதடவென்று பெஞ்சைத் தட்டினார்கள், நான் பல்லைக் கடித்துக்கொண்டு ரசித்தேன். சயின்ஸ் சார் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், ஒடம்பு சரியில்லையா?" என்று உண்மையான கவலையோடு விசாரித்தார்.

நடுவில் மழை. எங்கள் மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகையில் பிள்ளைகள் காலையில் கண் விழித்ததும் பார்ப்பது வானத்தை இல்லை, லீவு விட்டாச்சா என்று போனை. மூன்று நாள் தொடர்ந்து லீவு. திரும்பி வந்ததும் அந்த மூன்று நாளும் என் கணக்கில் சேருமா என்று வழக்கு. "லீவுல நீங்க வூட்ல ஒங்க சாரைப் பாத்துக் கத்தியிருப்பீங்க மிஸ்" என்றாள் லீடர். என் கணவரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டும் என்று ஒரு கோஷ்டி. சாட்சி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதனால் மூன்று நாளையும் நானே விட்டுக்கொடுத்தேன்.

கார்த்திகைக் கடைசியில் நான் ஆலப்பாக்கத்தில் நின்றேன். அரையாண்டுக்கு ஒரு வாரம் இருந்தது. பின்னக் கணக்குகளைத் திருப்புதல் செய்துகொண்டிருந்தேன். ஒரு பின்னத்தால் வகுக்க வேண்டும் என்றால், அதைத் தலைகீழாக்கிப் பெருக்கு. நான் படித்ததும் அப்படித்தான், பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொடுப்பதும் அப்படித்தான். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். கடைசி பெஞ்சில் ஒரு கை.

முழுக் கை. பார்க்காதவள் மாதிரியும் இருக்கக் கூடாது, பாய்ந்துவிடவும் கூடாது. தலையை மட்டும் அசைத்தேன். அவள் எழுந்து நின்றாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்தாள்.

"ஏன் மிஸ் தலைகீழாக்குறோம்?"

குரல் சின்னதுதான், ஆனால் கடைசி எழுத்து வரை வந்தது. சந்தோஷத்தில் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை.

வந்ததெல்லாம் ஒன்றுதான்: 'ரூல் அப்படி. எழுதிக்கோ.' பதினெட்டு வருஷமாக இந்த மாதிரிக் கேள்விகளுக்கு நான் வைத்திருந்த பதில் அது, அதையும் கத்தித்தான் சொல்லியிருக்கிறேன். சத்தமாகச் சொன்னால் அது பதில் மாதிரியே இருக்கும். மெதுவாகச் சொல்லிப் பார்த்தால்தான் அதில் ஒன்றும் இல்லை என்று தெரிகிறது. ஏன் தலைகீழாக்குகிறோம்? எனக்குத் தெரியவில்லை. உள்ளே பழைய சூடு ஏறியது. அது அவள் மேல் வந்த கோபம் இல்லை, மாட்டிக்கொண்டவளின் கோபம். என் கோபத்தில் பாதி எப்போதுமே இதுதானோ என்று அப்போது தோன்றியது.

"தெரியலம்மா," என்றேன். "நாளைக்குச் சொல்றேன்."

வகுப்பு வாயைப் பிளந்தது. சயின்ஸ் சாருக்கு நிச்சயம் கேட்டிருக்காது. லீடர் மெதுவாக எழுந்து போய், கிள்ளைப் பெண்ணின் பெட்டியைக் கிள்ளைக்கு நகர்த்தி வைத்தாள். அந்தப் பென்சில் எழுத்தை அவளும் எப்போதோ படித்திருக்க வேண்டும். அந்தப் பெண் அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் ரயிலில் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். வீட்டில் இட்லியை வைத்துப் பார்த்தேன். இட்லியைப் பாதியாக வெட்டி, பிறகு மூன்றாக வெட்டி, கணவரின் தட்டில் துண்டுகளாகப் போட்டபோது, "எனக்குப் பல்லு நல்லாதான இருக்கு?" என்றார். பேசாமல் சாப்பிடச் சொன்னேன். வீட்டில் கத்துவதற்கு சார்ட் கிடையாது.

மறுநாள் டிபன் பாக்ஸில் எட்டு இட்லி கொண்டுபோனேன். அதில் நாலை மேஜையில் பரப்பி, கத்தியோடு நின்றேன். "நாலு இட்லி இருக்கு. ஆளுக்குப் பாதி இட்லி. எத்தனை பேர் சாப்பிடலாம்?" எட்டு என்று கத்தினார்கள். பிள்ளைகள் கத்தலாம், அதற்குத் தடை இல்லை. "நாலை அரையால வகுத்தா எட்டு. நாலை ரெண்டால பெருக்குனாலும் எட்டு. ஒரு இட்லிக்குள்ள ரெண்டு அரை இருக்கு, அதான் தலைகீழாக்குறோம்." இருபத்தேழு தலைகள் ஆடின. எனக்குப் பெருமையாக இருந்தது, முடித்துவிட்டேன் என்று கத்தியைத் துடைத்தேன்.

கடைசி பெஞ்சில் கை. இந்தத் தடவை அவள் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை.

"பாதின்னா புரியுது மிஸ். மூணுல ரெண்டு பாகம்னா எப்படி? அதுதான் புரியல."

வகுப்பு அவளைப் பார்க்கவில்லை. மொத்தமாகச் சுவரைப் பார்த்தது, ஆலப்பாக்கத்தில் நிற்கும் என் பெட்டியை. அவர்கள் பயப்பட்ட மாதிரி எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு கேள்வி கேட்க ஆறு மாசம் எடுத்தவள், மறுநாளே என் முகத்துக்கு நேராகப் புரியவில்லை என்கிறாள். என் பதினெட்டு வருஷத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. 'புரிஞ்சவங்க கை தூக்குங்க' என்பேன், எல்லாக் கைகளும் எழும்பும், அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன்.

"மூணுல ரெண்டு வேற யாருக்குப் புரியல?" என்றேன்.

முதலில் பரங்கிப்பேட்டைப் பையன் கை தூக்கினான். அவன் பக்கத்தில் இன்னொருவன். வடலூர் பஸ்காரர்கள் மூன்று பேர். அப்படியே பெஞ்ச் பெஞ்சாக எழும்பி வந்து, கடைசியாக முதல் பெஞ்சில், இதே பாடத்தில் காலாண்டில் நூற்றுக்கு நூறு வாங்கிய கிளாஸ் லீடர், யாரையும் பார்க்காமல் கையைத் தூக்கினாள். எண்ணிப் பார்த்தேன், இருபத்திரண்டு கைகள். இன்னொரு இட்லியை எடுத்து மூன்றாக வெட்டினேன்.